நிலத்தடி நீரும் நம் கடமையும்

கண்ணெதிரே தோன்றும் தீமைக்கு மக்கள் அஞ்சுவர். கண்ணுக்குப் புலனாகாது வளரும் தீமைக்கு அஞ்சுவோர் சிலரே. ஆற்றில் நுரை மிதப்பின் ஊரார் திரண்டு கூக்குரலிடுவர். குளத்தில் மீன் செத்து மிதப்பின் செய்தித்தாள்கள் எழுதும். ஆயின் நம் காலடிக்குக் கீழே, இருளிலே, ஓசையின்றி ஊர்ந்து செல்லும் நீரில் நஞ்சு கலப்பின் அதனைக் காண்பார் யார்? மண்ணில் ஊற்றியது மண்ணோடு மறைந்தது என்று எண்ணி வாளாவிருத்தல் நம்மவர் இயல்பு. அவ்வெண்ணம் பிழையுடைத்து என்பதனையும், அப்பிழையில் நமக்கும் பங்குண்டு என்பதனையும் ஈண்டு எம்மால் இயன்ற அளவு எடுத்துரைக்க விழைகின்றோம்.

யாம் தமிழ் பயிலும் மாணாக்கர். நிலநூலினும் வேதிநூலினும் வல்லேம் அல்லேம். எனினும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், குழாய்க் கிணற்று நீரால் விளைந்த நெல்லையும் கடலையையும் உண்டு வளர்ந்தோம் ஆதலின், இப்பொருள் பற்றிப் பேசும் உரிமை எமக்கும் சிறிது உண்டு. எம் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக்காலத்தே பெருகி, ஏனைக் காலத்தே வெறும் மணலாய்க் கிடப்பன. ஆகலின் நம் முன்னோர் ஊர்தோறும் ஏரியும் கண்மாயும் ஊருணியும் அகழ்ந்து, வான் தந்த நீரைத் தேக்கி வைத்தனர். அந்நீரில் ஒரு பகுதி வயலிற் பாய்ந்தது. ஒரு பகுதி மண்ணுள் இறங்கிக் கோடையிற் கிணற்றின் ஊற்றாய்ச் சுரந்தது. ஏரியும் கிணறும் வேறுவேறல்ல என்பதனை அவர் நன்கு அறிந்திருந்தனர்.

மாவட்டத்தின் நிலம் எங்கும் ஒரே தன்மைத்தன்று. மேற்பகுதியில் நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் ஆகிய இடங்களிற் குன்றுகளாய் நிமிர்ந்து நிற்கும் வன்பாறையே நிலத்தடியிலும் பரந்து கிடக்கின்றது. ஆங்கு நீர் தங்குவது பாறையின் வெடிப்புகளிலும், அதன்மேல் சிதைந்து கிடக்கும் படலத்திலுமே. கீழ்ப்பகுதியில், ஆலங்குடி அறந்தாங்கி வட்டங்களில், மணலும் களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. ஆங்கே பல நூறடி ஆழத்தும் நீர் கிடைக்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று. நஞ்சு செல்லும் வழியும் இதனாலே வேறுபடுகின்றது.

நிலத்தடியில் நீர் ஓர் ஆறுபோல் விரைந்தோடுகின்றது என்று பலர் கருதுகின்றனர். மணற்படுகைகளில் அஃது அவ்வாறு ஓடுவதில்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையேயுள்ள நுண்ணிய வெளிகளின் வழியே ஊர்ந்து செல்கின்றது. பிரெஞ்சு நாட்டு டிஜோன் நகரத்தில் ஹென்றி டார்சி என்னும் பொறியாளர், மணல் நிரப்பிய குழாயினுள் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். நீர்மட்டத்தின் சரிவு மிகுந்தால் ஓட்டமும் மிகும் என்றும், நீர் செல்லும் பொருளின் தன்மைக்கேற்ப அது வேறுபடும் என்றும் 1856இல் அவர் வெளியிட்டார். மணலில் நீர் நாளொன்றுக்குச் சில அங்குலமோ சில அடியோ செல்லலாம். களியில் அதனினும் மிகமிகச் சிறிதே செல்லும். நாளொன்றுக்கு ஓரடி வீதம் நகரும் நீர் ஒரு மைல் தொலைவைக் கடக்க 14 ஆண்டுகட்கு மேலாகும். இன்று ஓர் ஊரின் எல்லையிற் கொட்டிய நஞ்சு, இன்று தொட்டிலிற் கிடக்கும் குழந்தை பள்ளியிறுதி வகுப்பை நெருங்கும்போது அடுத்த ஊரின் கிணற்றை அடையக்கூடும் என்பது இதன் பொருள்.

நஞ்சுகள் யாவும் ஒரே நடையின அல்ல. மண் ஒரு வடிகட்டி என்பதில் உண்மை சிறிதுண்டு. மெல்லிய மண்ணிற் பல அடி இறங்குவதற்குள் நோய்க்கிருமிகளிற் பல தங்கி மடிகின்றன. ஆயின் பாறை வெடிப்பில் அவை வடிகட்டப்படாமலே விரைந்து சென்று விடும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் பிறக்கும் நைட்ரேட்டு மண்ணில் ஒட்டுவதில்லை. நீரோடு கைகோத்தே செல்லும். குடிநீர் ஒரு லிட்டரில் அது 45 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். தோல் பதனிடும் சாலைகளிற் பயன்படும் குரோமியம் ஒரு வடிவில் மண்ணைப் பற்றி நிற்கும். மற்றொரு வடிவிலோ நீருடன் ஓடும், அவ்வடிவே கொடிது. எண்ணெய் நீரினும் இலேசாதலின் நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதந்து பரவும். உலோகங்களைக் கழுவும் சில கரைப்பான்களோ நீரினும் கனமாதலின் அடியாழத்தில் இறங்கித் தங்கும். இவையேயன்றி, நாமே நஞ்சை அழைத்துக் கொள்வதும் உண்டு. ஓர் ஆழ்குழாய்க் கிணற்றில் இரவும் பகலும் நீரிறைப்பின், அதனைச் சூழ நீர்மட்டம் குழிந்து, நாற்புறத்து நீரும் அக்குழிவை நோக்கி வரும். நீர் வரின் அதிற் கலந்ததும் உடன் வரும்.

இத்துணையும் கூறியது ஏட்டறிவைக் காட்டுதற்கன்று; இதனுள் ஓர் அறநெறி வினா அடங்கியுள்ளது. நஞ்சைக் கொட்டியவன் ஒருவன். அதனை உண்பவன் வேறொருவன். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவன் ஆலையை மூடி, பணத்தை மூட்டை கட்டிச் சென்ற பின்னரே மற்றவன் கிணற்று நீரின் சுவை மாறுகின்றது. குற்றத்தையும் குற்றவாளியையும் காலம் பிரித்து வைக்கின்றது. வழக்காடப் புகுவோன் யாரைச் சுட்டுவான்?

மெய்யாகவே நடந்தவற்றைச் சிறிது நோக்குவோம். 1854இல் இலண்டன் மாநகரின் பிராடு தெருவிலிருந்த பம்பின் நீரால் வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நீரே காரணம் என மருத்துவர் ஜான் ஸ்நோ வற்புறுத்தியதனால் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, பக்கத்து வீட்டின் மலக்குழி சிதைந்து அக்கிணற்றுக்கு மிக அண்மையிற் கசிந்தமை தெரிந்தது. பருகியோர் கண்ணுக்கு அந்நீர் தெளிந்தே தோன்றிற்று.

அயல்நாடு வரை செல்வானேன்? நம் அண்டையிலுள்ள திண்டுக்கல்லைக் காண்க. அப்பகுதியின் 13 ஊர்களில் நடந்த ஓர் ஆய்வில், 467 கிணறுகளுள் 350 தோற்சாலைக் கழிவால் கெட்டிருந்தன என்னும் செய்தி, பாலாற்றுத் தோற்சாலைகளைப் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் வழங்கிய அத்தீர்ப்பு நம் நாட்டுக்கு இரண்டு பெருநெறிகளைத் தந்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. கேடு வருமுன் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் செய்ய வருவோனுடையது என்றும் நீதிமன்றம் கூறிற்று. இக்கூற்றை மாணவ நண்பர்கள் மனத்திற் பதித்தல் வேண்டும்.

கடலுக்கு அப்பால் நம் உடன்பிறந்தார் வாழும் யாழ்ப்பாணத்திலும் இத்தகையதே நிகழ்ந்தது. ஆறில்லாத அக்குடாநாட்டின் உயிர்நாடி சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய கிணறுகளே. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெருங்கவலையாயிற்று. அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்துக என அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. பணம் வந்தது பிந்தி. நீர் கெட்டது முந்தி. எந்த நீதிமன்றத்தாலும் ஓர் ஊற்றை நோக்கி, ‘நீ தூயையாகுக’ என்று ஆணையிடல் இயலாதன்றோ?

இனி எம் மாவட்டத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் மத்திய அரசு ஹைட்ரோகார்பன் எடுத்தற்கென 31 நிலப்பகுதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் ஒன்று. மறுநாள் முதல் ஊரார் கிளர்ந்தெழுந்தனர். நாடியம்மன் கோயில் திடலில் ஆடவரும் பெண்டிரும் கைக்குழந்தைகளோடு நாள்தோறும் வந்தமர்ந்தனர். அப்போது சிறுவராயிருந்த யாமும் அப்பத்தாவின் மடியருகே அத்திடலில் அமர்ந்திருந்தோம். உறுதிமொழி பெற்று மார்ச்சில் எழுந்த மக்கள், ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி கேட்டு ஏப்ரலில் மீண்டும் அமர்ந்து பல திங்கள் போராடினர்.

அவர்களை அறியாமையுடையோர் என்று சிலர் இகழ்ந்தனர். ‘எண்ணெய் நெடுந்தொலைவு ஆழத்தில் உள்ளது, உங்கள் நீரோ மேலே உள்ளது, இரண்டிற்கும் என்ன தொடர்பு?’ என்று வினவினர். தொடர்பு உண்டு. அவ்வாழத்திற்குச் செல்லும் குழாய், நாம் பருகும் நீர்ப்படுகையைத் துளைத்தே சென்றாக வேண்டும். குழாயைச் சூழ்ந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைப்பர். அவ்வடைப்பு செம்மையாயிருக்கும் வரை அச்சமில்லை. அது பிளப்பினும், இரும்பு துருவேறி ஓட்டையாயினும், ஆழத்து உவர்நீரும் எண்ணெயும் வளியும் மேலேறும் வழி திறந்து விடும். எண்ணெயோடு மேல்வரும் உவர்நீரையும் துளைத்த சேற்றையும் திறந்த குழிகளில் விடின் அவை மேலிருந்து கசியும். நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு முதலிய ஊர்களில் முன்னரே துளைத்த எண்ணெய்க் கிணறுகளை அம்மக்கள் கண்டிருந்தனர். ஆகலின் அவர் வினவியது எளிய வினாவே: ‘இக்குழாய் ஐம்பதாண்டு கழித்தும் கசியாது என்று உறுதி கூறுவார் யார்? கசிந்தால் அந்நாளில் இங்கிருப்பார் யார்?’ உச்சநீதிமன்றம் 1996இல் சட்ட மொழியிற் கூறியதனையே நெடுவாசல் உழவர் திடலில் அமர்ந்து நாட்டு மொழியிற் கூறினர். அஃது அறியாமையன்று, முன்னறிவே.

‘நாட்டிற்கு எரிபொருள் வேண்டாவா? எல்லாரும் மறுப்பின் தொழில் வளர்வது எங்ஙனம்?’ என்று நண்பர் சிலர் எம்மோடு வாதிட்டனர். வேண்டும், மறுத்திலேம். எண்ணெயைக் கப்பலில் வரவழைத்தல் கூடும். ஓர் ஊரின் ஊற்றை எந்தக் கப்பலில் வரவழைப்பது? திருமறையின் ஆதியாகமத்தில் ஈசாக்கின் வரலாறு உண்டு. தந்தை ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்தனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டான். மண்ணால் தூர்ந்த கிணற்றைத் தோண்டி மீட்கலாம். நஞ்சால் கெட்ட ஊற்றை எத்தனை ஈசாக்குகள் தோண்டினும் மீட்டல் அரிது. தோண்டத் தோண்டக் கெட்ட நீரே சுரக்கும்.

2020 பிப்ரவரியில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களைத் தன் நிழலிற் கொண்டது. அது புதிய எண்ணெய்த் துளைகளைத் தடுத்தது. முன்னரே நடந்துவந்த பணிகளைத் தடுத்திலது. மறு ஆண்டு ஜூனில் கறம்பக்குடியை அடுத்த வடதெருப் பகுதிக்கு மத்திய அரசு ஏலம் அறிவித்தது. தமிழக முதலமைச்சர் அதனைக் கைவிடுமாறு பிரதமருக்கு எழுதினார். சட்டம் காவலனே, எனினும் காவலன் உறங்காதிருத்தற்கு ஊரார் விழித்திருத்தல் வேண்டும்.

இதுவரை பிறர்மேற் குறை கூறினோம். இனிக் கூறப்போவது எம்மேலது.

எம் இல்லத்தின் பின்புறத்தே பாட்டனார் வெட்டிய கிணறொன்று உண்டு. அப்பத்தா மணமாகி வந்த நாளில் அதன் உருளையில் மூன்று கயிறுகள் ஓடினவாம். கிணற்றடியில் செருப்போடு நிற்கவும், எச்சில் உமிழவும் விடமாட்டார்களாம். பின்னர் ஊரெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, நீர்மட்டம் தாழ்ந்தது, எம் கிணறு வற்றியது. வற்றிய கிணற்றில் முதலில் ஒரு செத்த கோழி வீசப்பட்டது. அடுத்துப் பூச்சிமருந்துப் புட்டிகள். 2018 நவம்பரில் கஜாப் புயல் எம் தென்னைகளை வீழ்த்தியபோது, முறிந்த மட்டையும் உடைந்த ஓடும் அதனுட் சென்றன. இறுதியிற் குளியலறைக் கழிவுநீர்க் குழாயையும் அதிலேயே திருப்பி விட்டோம். இவற்றுட் சிலவற்றை யாமே எம் கையாற் செய்தோம். நெடுவாசல் திடலில் அமர்ந்த அதே கை!

கடந்த கோடை விடுமுறையில் அக்கிணற்றின் கரையில் நின்றபோதுதான் யாம் செய்தது எமக்கு விளங்கிற்று. மேல்மண்ணின் வடிகட்டலைக் கடந்து, நஞ்சை நேரே ஆழத்திற் கொண்டு சேர்க்கும் வழியை யாமே அமைத்திருந்தோம். எண்பதடித் தொலைவில் எம் குழாய்க் கிணறு நாள்தோறும் நீரை ஈர்த்துக் கொண்டிருக்கின்றது. அந்நிறுவனம் செய்துவிடக் கூடும் என்று யாம் அஞ்சிய அதனையே, சிறிய அளவில், எம் கொல்லையில் செய்து முடித்தோம். அப்பத்தாவிடம் இதனைக் கூறினேம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, ‘வத்துன கெணறுன்னாலும் கெணறு கெணறுதானய்யா’ என்றார். எம் பட்டப்படிப்பு எமக்குக் கற்பிக்காத ஒன்றை அச்சொல் கற்பித்தது.

சிறு வீட்டின் கழிவும் பெருநிறுவனத்தின் கழிவும் ஒப்பாகா என்பது உண்மை. குப்பை அள்ளும் வண்டி வாராத சிற்றூரில் ஏழை என் செய்வான் என்பதும் ஞாயமான வினாவே. பழியை ஏழையின் தலைமேற் சுமத்துதல் எம் கருத்தன்று; ஊராட்சியும் அரசும் தம் கடமையைச் செய்தல் வேண்டும். எனினும் ஆயிரம் இல்லங்களின் ஆயிரம் குழிகள் ஒரே நீர்ப்படுகையிற் கலக்கின்றன. பிறனை நோக்கி ‘மெய்ப்பித்துக் காட்டு’ என்று கேட்கும் நாம், நம் கொல்லைக் கிணற்றை மறைத்து வைத்துக் கொண்டு அவ்வினாவைக் கேட்டல் தகுமோ?

ஆகலின் மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செய்தற்குரியன சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம். முதலாவது, நும் ஊரிற் கைவிடப்பட்ட கிணறுகளையும் குழாய்த் துளைகளையும் எண்ணுமின். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் மூடாத துளையொன்று ஒரு பச்சிளங் குழந்தையை விழுங்கியதை நாடே கண்டு கண்ணீர் வடித்தது. அத்தகைய துளைகள் ஊரின் அழுக்கையும் அவ்வாறே விழுங்குகின்றன. அதனை எவரும் காண்பதில்லை. அவற்றை முறையாக அடைக்கச் செய்யுமின். இரண்டாவது, பழங்கிணறுகளிற் குப்பையும் கழிவுநீரும் விடுதலை நிறுத்துமின். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்புக் கட்டாயமாயிற்று. தூர்வாரிய பழங்கிணற்றில் கூரைநீரைச் சரளையும் மணலும் வழியே வடித்து விடலாம், தெருநீரை விடலாகாது. மூன்றாவது, மலக்குழியையும் குடிநீர்க் கிணற்றையும் அருகருகே அமையாது காமின். நான்காவது, குடிக்கும் நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்குமின். நம் கல்லூரியின் வேதியியல் மாணாக்கர் இதில் துணை நின்றால், தமிழ் மாணாக்கராகிய யாம் ஊர்தோறும் சென்று நீரைக் கொணரவும், முடிவுகளை ஊரார்க்கு விளங்கும் மொழியில் எழுதி அறிவிக்கவும் ஆயத்தமாயுள்ளோம். உலக நீர் நாளாகிய மார்ச்சு 22இல் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகின்றது. அம்முடிவுகளை ஆங்கே படித்துக் காட்டுதலினும் சிறந்த தொண்டு யாது?

எம் கிணற்றைத் தூர்வாரும் பணி தொடங்கியாயிற்று. கழிவுநீர்க் குழாயை மாற்றிவிட்டோம். இரண்டு வண்டிக் குப்பை வெளியே எடுத்தோம். இன்னும் அடி தெரிந்திலது. ஏற்கெனவே இறங்கியது எவ்வளவு, எங்குச் சென்றுள்ளது என்பதனை யாம் அறியோம். அதனை ஒருவேளை எம் மக்களே அறிவர். அவர்க்கு நாம் விட்டுச் செல்லும் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமன்றி அதன் ஆழத்தையும் நாம் ஒப்படைத்தாக வேண்டும். நெடுவாசல் திடலிற் பெரியோர் அமர்ந்தது அதற்காகவே. அவர் பெயர்த்திகளும் பெயரன்மாரும் ஆகிய நாம் கிணற்றடியிலும் அவ்வுறுதியைக் காட்டுவோமாக.